பக்கம் நம்முடையது, நிரல் யாருடையது?

ஓர் இணையதளத்தைத் திறக்கிறோம். தலைப்பு வருகிறது, கட்டுரை வரவில்லை. பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. சில தளங்களில் வெள்ளைத் திரை மட்டும்தான். உலாவியில் ஸ்கிரிப்ட் தடுப்பு நீட்சி வைத்திருப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். தளத்தை நடத்துபவரிடம் கேட்டால், நீட்சியை அணைத்துவிட்டு வாருங்கள் என்பார். உங்கள் கட்டுரையைப் படிப்பதற்காக, பெயர்கூடக் கேள்விப்படாத நிறுவனங்களின் நிரலை என் கணினியில் ஏன் ஓடவிட வேண்டும் என்று வாசகர் திருப்பிக் கேட்பார்.

இந்த வழக்கு இருபது ஆண்டுகளாக நடக்கிறது. வெளி சர்வரில் கிடக்கும் நிரல் நூலகத்தை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரலை, நம்பித் தளம் கட்டுவது சரியா? அதைத் தடுக்கும் வாசகர் தளத்துக்குப் பகையா? இந்த வழக்கம் எப்படிப் பிறந்தது, எதற்காகப் பரவியது, அதனால் எப்போதெல்லாம் கேடு விளைந்தது, பாதுகாப்புக்கென்று செய்தவை எந்த அளவுக்குப் பலித்தன என்று வரிசையாகப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

வழக்கத்தின் வேர்

1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கிய மொழிதான் பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் பெற்றது. அந்தக் காலத்திலேயே ஓர் அடிப்படைக் காப்பு விதி வந்துவிட்டது: ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் தகவலைப் படிக்கக் கூடாது. ஆனால் இந்த விதியில் பெரிய விலக்கு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் தானாகவே வேறொரு முகவரியிலிருந்து ஸ்கிரிப்டை அழைத்தால், உலாவி அதை அந்தப் பக்கத்தின் சொந்த நிரலாகவே கருதும். எங்கிருந்து வந்தது என்று பார்க்காது. பக்கத்தில் உள்ள எழுத்தை மாற்றலாம், படிவத்தில் தட்டச்சாகும் கடவுச்சொல்லைப் படிக்கலாம், வாசகரை வேறு தளத்துக்குத் திருப்பிவிடலாம். வீட்டுக்காரருக்கு உள்ள அத்தனை உரிமையும் அழைக்கப்பட்டவருக்கும் உண்டு. இன்றைய சிக்கல்களின் வேர் இந்த விலக்கில்தான் இருக்கிறது.

2006இல் ஜான் ரெசிக் ஜேக்வெரி நூலகத்தை வெளியிட்டார். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ஓடும் நிரல் ஃபயர்ஃபாக்ஸில் ஓடாது என்ற தொல்லை மிகுந்திருந்த காலம் அது. அந்த வேறுபாடுகளை எல்லாம் ஒரே கோப்பு மறைத்ததால் ஜேக்வெரி காட்டுத்தீயாகப் பரவியது. 2008இல் கூகுள் இத்தகைய நூலகங்களைத் தன் சர்வர்களில் வைத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக இணைத்துக்கொள்ளலாம் என்றது. 2011இல் சிடிஎன்ஜேஎஸ், அடுத்த ஆண்டு ஜேஎஸ்டெலிவர் என்று வேறு சேவைகளும் வந்தன. ஒரே வரியைப் பக்கத்தில் ஒட்டினால் போதும், நூலகம் வந்து சேர்ந்துவிடும்.

இதற்கு அன்று சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. முதலாவது, வாசகருக்கு அருகில் உள்ள சர்வரிலிருந்து கோப்பு வருவதால் வேகம் கூடும். இரண்டாவது, அக்கால உலாவிகள் ஒரு முகவரிக்குச் சில இணைப்புகளை மட்டுமே ஒரே நேரத்தில் திறந்தன. வேறு முகவரியிலிருந்து அழைத்தால் கூடுதல் இணைப்பு கிடைக்கும். மூன்றாவதுதான் மிக வலுவான காரணம்: ஒரு தளத்துக்காக இறங்கிய ஜேக்வெரி, உலாவியின் கேஷில் தங்கி அடுத்த தளத்துக்கும் பயன்படும், மறுபடி இறக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றும் இன்று என்ன ஆயின? 2015இல் வந்த எச்டிடிபி 2 நெறிமுறை ஒரே இணைப்பில் பல கோப்புகளை அனுப்பவல்லது. அதனால் இரண்டாவது காரணம் தலைகீழானது: இப்போது புது முகவரிக்குப் போவதுதான் கூடுதல் செலவு. மூன்றாவது காரணம் அடியோடு போய்விட்டது. பொதுக் கேஷை வைத்தே ஒருவர் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார் என்று உளவு பார்க்க முடியும் என்பதால், உலாவிகள் கேஷைத் தளவாரியாகப் பிரித்துவிட்டன. சஃபாரி 2013லேயே செய்தது. குரோம் 2020 அக்டோபரிலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரியிலும் பின்தொடர்ந்தன. இன்று பத்துத் தளங்கள் ஒரே முகவரியிலிருந்து ஒரே ஜேக்வெரியை அழைத்தாலும் உலாவி அதைப் பத்து முறை தனித்தனியாகத்தான் இறக்குகிறது. முதல் காரணம் மட்டும் ஓரளவு நிற்கிறது. அதுவும், தளமே அத்தகைய விநியோகச் சேவைக்குப் பின்னால் இருந்தால் தேவையற்றது.

தடுப்பவர்களின் கருவிகள்

இத்தாலியின் பலெர்மோ நகரைச் சேர்ந்த ஜார்ஜியோ மவோனே 2005இல் நோஸ்கிரிப்ட் நீட்சியை வெளியிட்டார். அதன் கொள்கை கண்டிப்பானது: வாசகர் அனுமதிக்கும் வரை எந்த ஸ்கிரிப்டும் ஓடாது. எந்தெந்த முகவரிகள் ஸ்கிரிப்ட் அனுப்பப் பார்க்கின்றன என்று பட்டியல் காட்டும். வேண்டியதை மட்டும் திறந்துவிடலாம். பயனரின் அடையாளத்தை மறைக்கும் டார் உலாவியோடு சேர்ந்தே வருவதால், அரசுக் கண்காணிப்புக்கு அஞ்சும் செய்தியாளர்களும் செயற்பாட்டாளர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களின் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2013 ஆகஸ்டில் டார் பயனர்களின் அடையாளத்தைக் கண்டறிய, ஃபயர்ஃபாக்ஸில் இருந்த ஓட்டை வழியே தாக்கும் நிரல் ஜாவாஸ்கிரிப்ட் மூலம்தான் ஏவப்பட்டது.

ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின் வேறு வழியில் செல்கிறது. விளம்பரம், பின்தொடர்தல், தீநிரல் ஆகியவற்றின் முகவரிப் பட்டியல்களை வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் தடுக்கும். அனுபவமுள்ளவர்கள் வேண்டுமானால் வெளி ஸ்கிரிப்ட் முழுவதையும் தடுக்கலாம். டீசென்ட்ரலைஸ் என்ற நீட்சி நடுவழி காட்டியது. ஜேக்வெரி போன்ற புகழ்பெற்ற நூலகங்களின் பிரதிகளை அது தனக்குள் வைத்திருக்கும். பக்கம் வெளி சர்வரைக் கேட்கும்போது இடைமறித்து உள்ளிருந்தே கொடுக்கும். பக்கமும் உடையாது, வெளியாருக்குத் தகவலும் போகாது. ஃபயர்ஃபாக்ஸும் 2021இல், தடுக்கப்பட்ட சில ஸ்கிரிப்டுகளுக்குப் பதிலாகத் தீங்கற்ற மாற்று நிரலைத் தரும் வசதியைச் சேர்த்தது. வாசகரின் பக்கம் இத்தனை உழைப்பு நடந்திருக்கிறது. தளங்களின் பக்கம் அதில் கால்பங்குகூட நடக்கவில்லை.

ஸ்கிரிப்ட் கிடைக்காதவர் யார்?

ஸ்கிரிப்டைத் தடுப்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள், அவர்களுக்காக உழைப்பது வீண் என்பது தளக்காரர்களின் வழக்கமான வாதம். இதற்கு 2013இல் பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு ஒரு சோதனை மூலம் பதில் கண்டது. அரசுத் தளத்தின் முகப்பில் சிறிய அடையாளப் படங்களை வைத்து, யார் உலாவியில் ஸ்கிரிப்ட் உண்மையில் ஓடியது என்று கணக்கெடுத்தார்கள். வருகையாளர்களில் 1.1 விழுக்காட்டினருக்கு ஓடவில்லை. அதில் ஸ்கிரிப்டை அணைத்திருந்தவர்களும் அந்த வசதியே இல்லாத உலாவி வைத்திருந்தவர்களும் சேர்ந்து 0.2 விழுக்காடுதான். மீதி 0.9 விழுக்காட்டினரின் உலாவியில் ஸ்கிரிப்ட் ஓடியிருக்க வேண்டும், ஆனாலும் ஓடவில்லை.

அலுவலக ஃபயர்வால் தடுத்திருக்கலாம். கைப்பேசி இணைப்பு பாதியில் அறுந்திருக்கலாம். வேறெங்கோ ஒரு நிரல் பிழை எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். காரணம் எதுவானாலும், வேண்டுமென்றே தடுத்த ஒருவருக்குப் பக்கத்தில், தெரியாமலே இழந்தவர் நால்வருக்கு மேல் நிற்கிறார்கள். அந்த நால்வரும் புகார் எழுதுவதில்லை, பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். தடுப்பு நீட்சி வைத்திருப்பவர் உரக்கச் சொல்வது அவர்களின் குறையையும்தான்.

வெளி சர்வர் என்ற ஒரே புள்ளியில் எல்லாரும் சாய்ந்திருப்பதன் விளைவை 2014 இருமுறை காட்டியது. ஜனவரியில் பிரிட்டனின் ஸ்கை இணையச் சேவையின் வடிகட்டி, ஜேக்வெரியின் அதிகாரபூர்வ சர்வரைத் தீநிரல் பரப்பும் இடம் என்று தவறாக வகைப்படுத்தித் தடுத்தது. அந்த முகவரியை நம்பியிருந்த தளங்கள் எந்தத் தவறும் செய்யாமலே ஸ்கை வாடிக்கையாளர்கள் வீட்டில் உடைந்தன. அதே ஆண்டு நடுவில் சீனா கூகுள் சேவைகளை முழுமையாகத் தடுக்கத் தொடங்கியது. கூகுளோடு வேறெந்த உறவும் இல்லாத உலகத் தளங்கள் பலவும், நூலகத்தையும் எழுத்துருவையும் அங்கிருந்து அழைத்த ஒரே காரணத்தால் சீனாவில் காத்துக் காத்துத் திறந்தன, அல்லது திறக்கவே இல்லை.

நம்பிக்கை முறிந்த இடங்கள்

தளம் உடைவது சிறிய இழப்பு. அழைத்த நிரலே எதிரியாக மாறுவது பெரிய இழப்பு.

2015 மார்ச்சில், நிரலர்கள் நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் மீது நாட்கணக்கில் தாக்குதல் நடந்தது. அதில் கலந்துகொண்டவர்களுக்கே அது தெரியாது. சீனாவின் பைடு நிறுவனத்தின் பகுப்பாய்வு, விளம்பர ஸ்கிரிப்டுகளை அழைக்கும் பக்கங்களைச் சீனாவுக்கு வெளியே இருந்து பார்த்த சாதாரண மக்கள் அவர்கள். மறையாக்கம் இல்லாமல் வந்த அந்த ஸ்கிரிப்ட் வழியில் மாற்றப்பட்டது. அவர்களின் உலாவிகள் கிட்ஹப்பை இடைவிடாமல் தட்டின. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் இதை ஆராய்ந்து, அந்தக் கருவிக்குப் பெரும் பீரங்கி என்று பொருள்படும் பெயரை வைத்தது.

2018 பிப்ரவரி 11 அன்று, பார்வைக் குறையுள்ளவர்களுக்கு உதவியாகப் பக்கத்தை வாசித்துக் காட்டும் பிரவுஸ்அலௌட் என்ற ஸ்கிரிப்டுக்குள் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலைச் செருகினார்கள். அதை அழைத்த 4,000க்கும் மேற்பட்ட தளங்களின் வாசகர்கள் தங்கள் கணினியின் உழைப்பை அறியாமலே தந்தார்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகத்தின் தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதே ஆண்டில் டிக்கெட்மாஸ்டரின் பணம் செலுத்தும் பக்கத்தில் வைத்திருந்த வெளி நிறுவனத்தின் உரையாடல் ஸ்கிரிப்ட் வழியாக அட்டை விவரங்கள் திருடப்பட்டன. தகவல் ஆணையர் 2020இல் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். அந்த ஸ்கிரிப்டைப் பணப் பக்கத்தில் வைக்கப்போவது தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்போம் என்று அதை எழுதிய நிறுவனம் சொன்னது.

இவை எல்லாவற்றையும் விஞ்சியது 2024இல் நடந்தது. பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை ஈடுகட்டும் நிரலைத் தருவதற்காக, ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகையின் நிரலர்கள் உருவாக்கிய திட்டம் பாலிஃபில். அதன் பாலிஃபில் டாட் ஐஓ முகவரியை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நம்பியிருந்தன. ஊரே தண்ணீர் எடுத்த அந்தக் கிணற்றின் பட்டா தனியார் கையில் இருந்தது. 2024 பிப்ரவரியில் அது ஃபன்னல் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. திட்டத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ பெட்ஸ் உடனே எச்சரித்தார்: இன்றைய உலாவிகளுக்கு இது தேவையே இல்லை, எல்லாரும் நீக்கிவிடுங்கள் என்றார். பெரும்பாலோர் காதில் அது விழவில்லை. ஜூன் மாதம், அங்கிருந்து வரும் நிரல் கைப்பேசி வாசகர்களைச் சூதாட்டத் தளத்துக்குத் திருப்புவதை சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. அந்த நிரல் குறிப்பிட்ட நேரங்களில், குறிப்பிட்ட கருவிகளில் மட்டும் ஓடியது. தளத்தின் நிர்வாகி பார்க்கிறார் என்று தெரிந்தால் அடங்கிக் கிடந்தது. அதனால்தான் தளக்காரர்கள் கண்ணில் படவில்லை. கடைசியில் முகவரிப் பதிவு நிறுவனமான நேம்சீப் அந்த முகவரியை முடக்கியது.

இந்தக் காலம் முழுவதும் நோஸ்கிரிப்ட் வைத்து அந்த முகவரியை அனுமதிக்காமல் இருந்த வாசகருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. நீட்சியை அணைத்துவிட்டு வரச் சொன்ன தளங்களுக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை.

பூட்டுகளும் ஓட்டைகளும்

வெளி நிரலைக் கட்டுப்படுத்தத் தொழில்நுட்ப உலகம் சும்மா இருக்கவில்லை. 2016இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு நேர்மைச் சோதனை முறையைத் தரமாக ஏற்றது. அழைக்கும் வரியிலேயே கோப்பின் கணித முத்திரையை எழுதிவைக்கலாம். வந்த கோப்பில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உலாவி அதை ஓட்டாது. பிரவுஸ்அலௌட் நிகழ்வை இது தடுத்திருக்கும். பாலிஃபில்லைத் தடுத்திருக்க முடியாது. அந்தச் சேவை ஒவ்வோர் உலாவிக்கும் வெவ்வேறு கோப்பைத் தந்தது. மாறிக்கொண்டே இருக்கும் கோப்புக்கு நிலையான முத்திரை இட முடியாது. முத்திரை இட முடியாத எதையும் வெளியிலிருந்து அழைக்கக் கூடாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் விதி.

இரண்டாவது பூட்டு, எந்த முகவரிகளிலிருந்து ஸ்கிரிப்ட் வரலாம் என்று தளமே அறிவிக்கும் பாதுகாப்புக் கொள்கை. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் நடைமுறையில் உள்ள கொள்கைகளை ஆராய்ந்தபோது, ஸ்கிரிப்டைக் கட்டுப்படுத்த முயன்றவற்றில் 94.68 விழுக்காடு பயனற்றவை என்று கண்டார்கள். அனுமதிக்கப்பட்ட பெரிய பொது முகவரிகளிலேயே தாக்குபவருக்கு வேண்டிய ஏதாவதொரு நிரல் இருந்துவிடுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வாசகரின் நீட்சிக்கும் இதே நோய் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. நோஸ்கிரிப்ட் முகவரியைப் பார்த்துத்தான் அனுமதிக்கிறது, கோப்பைப் பார்த்து அல்ல. 2015இல் அதன் தொடக்க அனுமதிப் பட்டியலில் இருந்த ஒரு முகவரியின் பதிவு காலாவதியாகிக் கிடந்தது. ஓர் ஆய்வாளர் சுமார் 11 டாலருக்கு அதை வாங்கி, நோஸ்கிரிப்ட் வைத்திருந்தவர்களின் உலாவியில் தன் நிரலை ஓட்ட முடியும் என்று காட்டினார். கூகுளின் பொதுச் சேமிப்பிடம் வழியாகவும் அதே ஓட்டை இருந்தது. இரண்டும் விரைவில் அடைக்கப்பட்டன. ஆனால் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. ஜேஎஸ்டெலிவர் போன்ற சேவை, என்பிஎம் என்ற நிரல் களஞ்சியத்திலும் கிட்ஹப்பிலும் யார் ஏற்றிய நிரலையும் விநியோகிக்கும். ஒரு தளம் திறக்கட்டும் என்று வாசகர் அதை அனுமதித்தால், உலகில் உள்ள எல்லாருக்கும் அனுமதி தந்தவராகிறார். தளங்கள் பொது முகவரியைப் பயன்படுத்துவதால், கவனமாக இருக்கும் வாசகரின் கவனமும் பயனற்றுப் போகிறது.

எதிர்வாதங்கள்

மறுபக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வெளிச் சேவை இலவசம். சிறு பதிவருக்கும் பள்ளித் தளத்துக்கும் அது உதவியது. நூலகத்தில் ஓட்டை கண்டால் வெளிச் சேவை உடனே சரிசெய்யும், தனிப் பிரதி வைத்தவர் மறந்துவிடுவார் என்பது இன்னொரு வாதம். ஆனால் முகவரியிலேயே பதிப்பு எண் எழுதப்பட்டிருப்பதால், பெரும்பாலான தளங்களில் எதுவும் தானாக மாறுவதில்லை. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 1,33,000 தளங்களை ஆராய்ந்தபோது, 37 விழுக்காட்டுத் தளங்களில் ஓட்டை தெரிந்த நூலகப் பதிப்பு ஒன்றாவது இருந்தது. பராமரிப்பு இல்லாத இடத்தில் நூலகம் எந்த சர்வரில் இருந்தாலும் பழசாகிறது.

சொந்த சர்வரில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸின் சொந்தத் தளத்தில் இருந்த மாடர்னைசர் நூலகக் கோப்பிலேயே 22 வரிகளைச் சேர்த்து, வாடிக்கையாளர்களின் அட்டை விவரங்களைத் திருடினார்கள். அபராதம் 2 கோடிப் பவுண்டு. சொந்த வீட்டுக்கும் காவல் வேண்டும். ஆனால் அங்கே காவல் வைக்கும் அதிகாரமும் பொறுப்பும் தளக்காரர் கையில் இருக்கின்றன. வெளியாரின் சர்வரில் அவருக்குப் பொறுப்பு மட்டும்தான் உண்டு, அதிகாரம் இல்லை.

பணம் செலுத்தும் சேவைகள் சில, தங்கள் ஸ்கிரிப்டைத் தங்கள் சர்வரிலிருந்தே அழைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. அது நியாயமான விலக்கு. அத்தகைய பக்கங்களில் ஓடும் ஒவ்வொரு ஸ்கிரிப்டுக்கும் கணக்கும் காரணமும் வைத்திருக்க வேண்டும் என்று அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரம் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. பணப் பக்கத்துக்கு நல்ல விதி மற்றப் பக்கங்களுக்கும் நல்லதுதான்.

நூலகத்துக்குச் சொன்னது எழுத்துருவுக்கும் பொருந்தும். கூகுளின் எழுத்துருக்களை அதன் சர்வரிலிருந்தே அழைத்து வாசகரின் ஐபி முகவரியை அனுமதியின்றி அனுப்பியதற்காக, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்துக்கு 100 யூரோ இழப்பீடு விதித்தது. தமிழ்த் தளம் நடத்துபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கூகுளில் கிடைக்கும் கேட்டமரன், முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் வெளியானவை. கோப்பை இறக்கிச் சொந்த சர்வரில் வைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

தீர்ப்பு

வெளி சர்வரில் நூலகம் வைத்ததற்கு 2008இல் நல்ல காரணங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை 2021க்குள் காலாவதியாகிவிட்டன. பழக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்தப் பழக்கத்தின் விலையைத் தளக்காரர் தருவதில்லை, வாசகர் தருகிறார். ஆகவே திருத்திக்கொள்ள வேண்டிய கடமையும் தளக்காரருடையது. ஸ்கிரிப்டைத் தடுக்கும் வாசகர் தன் கணினியில் எது ஓடலாம் என்று முடிவு செய்கிறார். அது அவருடைய கணினி.

தளம் கட்டுபவர்களிடம் நான் கேட்பது நான்கு. உங்கள் பக்கம் எந்தெந்த வெளி முகவரிகளை அழைக்கிறது என்று இன்றே ஒரு பட்டியல் எடுங்கள். உண்மையில் தேவையான நூலகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பிரதியைச் சொந்த சர்வருக்குக் கொண்டுவாருங்கள். உலாவிகள் வளர்ந்துவிட்டதால் ஜேக்வெரி செய்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று நூலகமே வேண்டியதில்லை. தவிர்க்கவே முடியாத வெளி நிரலுக்கு முத்திரை இடுங்கள். எழுத்து, இணைப்பு, படிவம் மூன்றும் ஸ்கிரிப்ட் இல்லாமலே வேலைசெய்யும்படி பக்கத்தை அடியிலிருந்து கட்டுங்கள். அழகும் வேகமும் அதன்மேல் சேரட்டும். ஸ்டீவ் சாம்பியனும் நிக் ஃபிங்கும் 2003லேயே படிப்படியான மேம்பாடு என்ற பெயரில் இதைத்தான் வலியுறுத்தினார்கள். குறிப்பாக அரசு, மருத்துவமனை, பள்ளி, செய்தித் தளங்களுக்கு இது விருப்பத் தேர்வாக இருக்கக் கூடாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு தளம் உடைந்தால் எல்லாவற்றையும் அனுமதிக்கும் பட்டனை உடனே அழுத்தாதீர்கள். அந்தத் தளத்தின் சொந்த முகவரியை மட்டும் முதலில் திறந்து பாருங்கள். அப்போதும் வெள்ளைத் திரைதான் என்றால், தளத்தை நடத்துபவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பேசாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போகும் நால்வருக்காகவும் எழுதுங்கள்.